ரமேச சந்திர தத்தரும் பஞ்சத்தின் கணக்கும்

பொருளாதார நூல் என்று கேட்டமாத்திரத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறவர்கள் நம்மில் அநேகர். புள்ளி விவரங்களும் அட்டவணைகளும் நிறைந்த அந்த ஏடுகள் பேராசிரியர்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் உரியவை என்றும், ஏர் பிடிப்பவனுக்கும் தறி நெய்பவனுக்கும் கடையில் கணக்கு எழுதுபவனுக்கும் அவற்றில் ஒன்றும் இல்லை என்றும் பொதுவாக எண்ணப்படுகிறது. இவ்வெண்ணத்தால் ஆளுகிறவர்களுக்கு விளைகிற சௌகரியம் பெரிது. குடும்பத்தின் வரவு செலவைக் காரியஸ்தன் ஒருவனே அறிந்திருந்து, வீட்டுக்காரன் அதைக் கண்ணெடுத்தும் பாராமல் இருப்பானானால், பஞ்சம் வந்தபோது காரியஸ்தன் வானத்தைக் காட்டுவான். வீட்டுக்காரனும் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவில் நடந்தது இதுவே. மழை பொய்த்தது, ஆகையால் ஜனங்கள் மாண்டார்கள் என்பது சர்க்காரின் கட்சி. அச்சமயத்தில் அந்தக் காரியஸ்தனுடைய கணக்குப் புத்தகங்களையே எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தறிந்த எவரும் படித்துத் தெரிந்து கொள்ளக்கூடிய சரித்திரமாக அவற்றை எழுதிக் கொடுத்தவர் ஸ்ரீ ரமேச சந்திர தத்தர். ஆர். ஸி. தத் என்ற பெயரை நமது நேயர்களில் பெரும்பாலோர் கேட்டிருப்பார்கள். அவர் சரித்திரத்தை அறிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை என்று அஞ்சுகிறோம்.

தத்தர் 1848-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி கல்கத்தாவில் ராம்பாகான் தத்தர் குடும்பத்தில் பிறந்தார். கல்வியிலும் கவிதையிலும் பெயர் பெற்ற குடும்பம் அது. இளம் பிராயத்திலேயே மறைந்த கவியரசி தோரு தத்தும் அக்குடும்பத்தவரே. தகப்பனார் ஈசான சந்திரர் டிப்டி கலெக்டராக இருந்தவர். ரமேசர் சிறுவராக இருக்கையில் தாயார் இறந்தார். இரண்டு வருஷத்துக்குள் தகப்பனாரும் படகு விபத்தில் உயிர் நீத்தார். அனாதையான பிள்ளைகளைச் சிறிய தகப்பனார் சசி சந்திரர் வளர்த்தார். அவரும் ஒரு நூலாசிரியர். மாலை வேளைகளில் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்துக்கொண்டு இங்கிலீஷ் கவிகளைப் படித்துக் காட்டுவது அவர் வழக்கமாம். வரிக் கணக்கையும் ரஸமாகச் சொல்லலாம் என்ற துணிவு பிற்காலத்தில் தத்தருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் இந்த வீட்டை நினைவில் வைப்பது நலம்.

1868-ம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி மூன்று வங்க வாலிபர்கள் கல்கத்தாவிலிருந்து கப்பலேறினார்கள். சுரேந்திரநாத் பானர்ஜி ஒருவர், பிஹாரி லால் குப்தர் மற்றொருவர், தத்தர் மூன்றாமவர். பின்னிருவரும் வீட்டாருக்குத் தெரியாமல் இரவோடிரவாகப் புறப்பட்டவர்கள். கடல் கடந்தால் ஜாதிப் பிரஷ்டம் என்றிருந்த காலம் அது. கையில் இருந்த பணமும் சொற்பம். ஸிவில் ஸர்விஸ் பரீக்ஷையில் தேறியிருந்த இந்தியர் அதுவரையில் ஒரே ஒருவர். தோற்றுத் திரும்பினால் வீட்டிலும் இடமில்லை, ஊரிலும் இடமில்லை. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் இரவு பகலாகப் படித்து, 1869-ல் நடந்த பரீக்ஷையில் தத்தர் மூன்றாவது ஸ்தானம் பெற்றார். பாரிஸ்டர் பட்டமும் பெற்றுக்கொண்டு 1871-ல் தாய்நாடு திரும்பி, உதவி மாஜிஸ்திரேட்டாக வேலையில் அமர்ந்தார்.

அவருடைய உத்தியோக வாழ்க்கையின் படிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி நேயர்களைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை. இரண்டு இடங்களைமட்டும் சொல்லுவோம். 1874-ல் நாடியா ஜில்லாவில் மெஹர்பூர் பக்கத்தில் பஞ்சம் வந்தபோது நிவாரண வேலைக்கு அவர் அனுப்பப்பட்டார். 1876-ம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் மேக்னா நதி முகத்துவாரத்தில் பெரும் புயலடித்து, ஒரே இரவில் கடல் பொங்கித் தீவுகளை மூழ்கடித்தது. அதில் மாண்டவர் தொகை லட்சக்கணக்கு. பின்னாலேயே வாந்திபேதி வந்தது. இடிந்து கிடந்த தக்ஷிண ஷாபாஸ்பூர் தீவுக்குப் போய், கிராமங்களை மறுபடி நிலைநிறுத்தும் வேலை தத்தரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பஞ்சத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதியவர் பஞ்சத்தில் கஞ்சி வார்த்தவர் என்பதை எதிரிகள்கூட மறுக்க முடியாது. 1883-ல் பாக்கர்கஞ்ச் ஜில்லா முழுவதும் அவர் அதிகாரத்தில் விடப்பட்டது. ஜில்லா நிர்வாகத்தை ஓர் இந்தியர் ஏற்றது அதுவே முதல் தடவை. 1894-ல் பர்த்வான் பிராந்தியத்துக்குத் தற்காலிகக் கமிஷனராகவும் இருந்தார். அதற்குமேல் ஏணியில் படி இல்லை. அதாவது, இந்தியனுக்கு இல்லை.

இந்த உத்தியோகத்தின் நடுவிலேயே அவர் எழுதிக்கொண்டிருந்தார். 1874-ல், வேலைக்கு வந்து மூன்றே வருஷம் ஆன வாலிபராக, வங்காளக் குடியானவர்களைப் பற்றி இங்கிலீஷில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நிரந்தர வரித் திட்டத்தால் ஜமீன்தாருக்குச் சர்க்காரோடு உள்ள பாத்தியம் முடிவாகிவிட்டது, ஆனால் குடியானவனுக்கு ஜமீன்தாரோடு உள்ள பாத்தியம் முடிவாகவில்லையே, அவனுடைய குத்தகையும் அவ்வாறே உறுதிப்படுத்தப்பட வேண்டாமா என்பது அதில் அவர் எழுப்பிய கேள்வி. ஜமீன்தார்களுடைய பத்திரிகைகள் சீறி விழுந்தன. 1885-ல் வங்காளக் குடிவாரச் சட்டம் உருவானபோது அவருடைய யோசனைகளும் சர்க்காருக்கு உதவின.

இச்சமயத்தில் பங்கிம் சந்திரரோடு நேர்ந்த ஒரு சம்பாஷணையை வங்காளிகள் ஆசையோடு சொல்லுவார்கள். வங்காளியில் ஏன் எழுதவில்லை என்று பங்கிம் பாபு கேட்டாராம். தமக்கு அம்மொழியின் நடை கைவராதே என்று தத்தர் தயங்கினாராம். கற்றவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அதுவே நடையாகிவிடும், எழுதத் தொடங்கும் என்று பங்கிம் பாபு அதட்டினாராம். அதன் பயனாக 1874 முதல் 1879 வரையில் நான்கு சரித்திர நாவல்கள் பிறந்தன. அக்பர் காலத்திலிருந்து ஔரங்கசீப் காலம் வரையில் நூறு வருஷத்துக் கதை அவற்றில் அடங்கியிருக்கிறது. பிறகு குடும்ப வாழ்க்கையைப் பற்றி இரண்டு நாவல்களும், ரிக்வேதத்துக்கு ஒரு வங்காளி மொழிபெயர்ப்பும் வந்தன. பிராமணரல்லாதார் வேதத்தை மொழிபெயர்ப்பதா என்று வைதிகர்கள் எழுப்பிய கூச்சலைப் பொருட்படுத்தாமல், ஈசுவர சந்திர வித்யாசாகரர் தமது புத்தகசாலையை அவருக்குத் திறந்து விட்டார். இவை யாவும் பொருளாதாரத்துக்குச் சம்பந்தமற்றவை என்று நேயர்கள் நினைக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கிராமத்தில் கஞ்சித் தொட்டியின் அருகில் நின்றவரும், கதை சொல்லத் தெரிந்தவரும், கச்சேரியில் வரிக் கணக்குப் பார்த்தவரும் ஒரே மனிதராக அமைந்தது தேசத்தின் அதிர்ஷ்டம். அந்நாளில் கணக்குத் தெரிந்தவர்களுக்குக் கதை தெரியாது. கதை தெரிந்தவர்களுக்குக் கணக்குத் தெரியாது.

1897-ல், 49-வது பிராயத்தில், இன்னும் சில வருஷம் சம்பளம் வாங்கியிருக்கக் கூடிய நிலையில், தத்தர் வேலையை விட்டு விலகினார். அடுத்த வருஷம் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் இந்திய சரித்திர உபந்நியாசகராக நியமனம் பெற்றார். ராமாயண மகாபாரதங்களைச் சுருக்கி இங்கிலீஷ் செய்யுளாக வெளியிட்டதும் இக்காலத்திலேயே. ஆனால் அவர் உள்ளம் அதில் மாத்திரம் நிலைத்திருக்க முடியவில்லை. தாய்நாட்டிலிருந்து வந்த செய்தி அப்படி.

அந்த இருபத்தைந்து வருஷத்தைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். 1876 முதல் 1878 வரையில் சென்னை, மைசூர், பம்பாய், ஹைதராபாத் பிரதேசங்களை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் பகுதிகளில் மாத்திரம் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டதாகச் சர்க்கார் கமிஷனே கணக்கிட்டது. நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தது அக்காலத்தில்தான். 1896-97-ல் மீண்டும் பஞ்சம். 1899-1900-ல் அதைவிடக் கொடிய பஞ்சம். 1899-ம் வருஷம் டிசம்பரில் லக்ஷ்மணபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனராகத் தத்தரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய பிரசங்கத்தில் பெரும் பகுதி பஞ்சத்தையும் நிலவரியையும் பற்றியதாகவே இருந்தது.

அடுத்த வருஷம் வைஸிராய் கர்ஸான் பிரபுவுக்கு அவர் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். ஒவ்வொரு ராஜதானியின் நிலவரியையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்த கடிதங்கள் அவை. அவற்றுள் ஒன்று சென்னையைப் பற்றியது. அவர் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: மழை தவறுவதை எந்தச் சர்க்காராலும் தடுக்க முடியாது. ஆனால் ஒரு வருஷம் மழை தவறினால் குடியானவன் ஏன் சாகவேண்டும்? நல்ல வருஷத்தில் அவன் குதிரில் ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை? மிஞ்ச வேண்டியதை வாங்கிக்கொண்டு போனவர் யார்? இந்தியாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கில அதிகாரிகள் சிலரும் அவரோடு சேர்ந்து, நிலவரிக்கு ஒரு வரம்பு கட்டவேண்டும் என்று இந்தியா மந்திரிக்கு மனுச் செய்துகொண்டார்கள்.

பம்பாய் ராஜதானியில் வேலை பார்த்த ரோஜர்ஸ் என்ற அதிகாரி திரட்டிய ஒரு கணக்கைத் தத்தர் எடுத்துக் காட்டினார். அது நம் ராஜதானியைப் பற்றியது. 1879-80 முதல் 1889-90 வரையில் 11 வருஷங்களில், வரி பாக்கிக்காக 8 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாதாரர்களுடைய நிலம் ஏலத்தில் போயிற்று. ஏலம் போன நிலம் 19½ லட்சம் ஏக்கருக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்ட நிலத்தைக் கேட்பாரில்லாமல் சர்க்காரே எடுத்துக்கொண்டது. இதில் ஒரு வார்த்தைகூட அலங்காரம் இல்லை. ஏலம் போட்ட நிலத்தை வாங்கவும் ஆளில்லாத ஊரில் எவ்வளவு செழிப்பு இருந்திருக்கும் என்பதை வாசகனே ஊகித்துக் கொள்ளட்டும் என்று தத்தர் விட்டுவிட்டார்.

கர்ஸான் பிரபு கடிதத்தைக் குப்பைக் கூடையில் போடவில்லை. மாகாண சர்க்கார்களையெல்லாம் கேட்டு, 1902-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் நிலவரியைப் பற்றி நீண்ட தீர்மானம் ஒன்றைப் பிரசுரித்தார். நிலவரி பஞ்சத்துக்குக் காரணம் என்ற வாதத்தை அது அடியோடு மறுத்தது. ஆயினும் வரியை உயர்த்தினால் படிப்படியாகவே உயர்த்த வேண்டும், விளைவு குன்றிய காலத்தில் வசூலைத் தளர்த்த வேண்டும் என்ற கொள்கைகளை அதே தீர்மானத்தில் சர்க்கார் ஒப்புக்கொண்டது. ஒரு தனி மனிதனுடைய பேனாவுக்கு ஒரு சாம்ராஜ்யம் புத்தகம் அளவில் பதில் எழுத வேண்டி வந்ததே, அதைவிடச் சிறந்த நற்சாட்சி வேறென்ன?

இனி அவருடைய பெரு நூலுக்கு வருவோம். இந்தியாவின் பொருளாதார சரித்திரம் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. 1902-ல் வந்த முதற்பாகம் பிளாசி யுத்தம் நடந்த 1757 முதல் விக்டோரியா மகாராணி பட்டமேறிய 1837 வரையில் நடந்ததைக் கூறுகிறது. 1904-ல் வந்த இரண்டாம் பாகம் அங்கிருந்து 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் செல்கிறது. தாதாபாய் நௌரோஜி 1901-லேயே இந்தியாவின் வறுமையைப் பற்றிய தமது பெரும் நூலை வெளியிட்டிருந்தார். நம் ஊரில் சுதேசமித்திரனை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் 1903-ல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆகவே தத்தர் கூறிய உண்மைகள் முழுவதும் புதியவையல்ல. தாதாபாயின் நூல் மகத்தானது, ஆயினும் அது பல காலத்தில் எழுதிய மனுக்களையும் பிரசங்கங்களையும் கடிதங்களையும் ஒன்றாகக் கட்டிய மூட்டை. முதலிலிருந்து கடைசி வரையில் படித்தவர்கள் சிலரே. தத்தர் அதே விஷயத்தை ஆதியோடந்தமாக, காலக் கிரமத்தில், சிறு சிறு அத்தியாயங்களாகச் சொன்னார். அடுத்து என்ன நடந்தது என்று அறிய வாசகன் பக்கத்தைப் புரட்டுகிறான். புரட்டும்போதே வரிவீதமும் சுங்கவீதமும் அவன் மனதில் தங்கிவிடுகின்றன.

அவருக்கு ஆதாரம் நீலப் புத்தகங்கள் எனப்படும் பார்லிமெண்டு அறிக்கைகள். கம்பெனியின் காலத்திலிருந்து கமிட்டிகள் வாங்கிய சாட்சியங்கள், கவர்னர்கள் எழுதிய குறிப்புகள், டைரக்டர்கள் அனுப்பிய உத்தரவுகள் எல்லாம் தூசி படிந்து கிடந்தன. இந்தியனுடைய புகாரை எடுத்துக் காட்டினால் இங்கிலீஷ்காரன் நம்பமாட்டான் என்பதைத் தத்தர் அறிவார். ஆகையால் சாட்சிக் கூண்டில் ஆங்கிலேயர்களையே ஏற்றினார்.

ஆர்க்காட்டு நவாபின் கடன் கதையை அவர் சொல்லுகிற விதத்தைப் பாருங்கள். நவாப் மகமதலி, கம்பெனியின் சேவகர்களிடமே அதிக வட்டிக்குக் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாக ஜில்லாக்களின் நிலவரியை எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவர்களுடைய ஆட்கள் களத்துமேட்டில் வந்து நின்றார்கள். சொற்பச் சம்பளத்துக்கு வந்த குமாஸ்தாக்கள் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகையில் பார்லிமெண்டு ஸ்தானங்களை விலைக்கு வாங்கும்படியான சீமான்களாகப் போனார்கள். கர்நாடகம் கம்பெனியின் கைக்கு வந்த பிறகு, இன்னும் பாக்கி இருக்கிறது என்று புதிதாக வந்த கோரிக்கைகள் 2 கோடிப் பவுனுக்கு மேல். அவற்றைப் பரிசீலனை செய்ய ஏற்பட்ட கமிஷன் நியாயமானவை என்று ஒப்புக்கொண்டது 13 லட்சத்துச் சொச்சம் பவுன்தான். மற்றதெல்லாம் பொய். இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்ததோடு தத்தர் நிறுத்திக்கொள்கிறார். காவிரி பாயும் தஞ்சை ஜில்லா, சில வருஷங்களுக்கு முன்வரையில் துணிகளும் தானியமும் ஏற்றுமதி செய்த செழிப்பிலிருந்து எப்படிப் பாழாயிற்று என்று ஓர் ஆங்கிலேயர் 1782-ல் பார்லிமெண்டுக் கமிட்டியிடம் கூறியதையும் அவர் எடுத்துத் தருகிறார். தமிழர்கள் அந்த அத்தியாயத்தைக் கண் கலங்காமல் படிப்பது கடினம்.

கைத்தொழில் அழிந்த கதைக்கு வேறொரு சாட்சி. 1813-ல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் சமயத்தில், இங்கிலாந்தின் சரக்கு இந்தியாவில் விலைபோகுமா என்று பார்லிமெண்டு கமிட்டி விசாரித்தது. பாராமகாலில் அதிகாரியாக இருந்து, பின்னால் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோவை அழைத்துக் கேட்டார்கள். இந்தியச் சால்வை ஒன்றைத் தாம் 7 வருஷம் உபயோகித்தும் அதன் நிறமும் தரமும் மாறவில்லை என்றும், ஐரோப்பியச் சால்வையை யாரேனும் இனாமாகக் கொடுத்தாலும் அணிய மாட்டேன் என்றும் மன்றோ சாட்சி சொன்னார். அப்படிப்பட்ட துணி ஏன் தோற்றது? இந்தியத் துணி இங்கிலாந்துச் சந்தையில் நூற்றுக்கு 50, 60 வீதம் மலிவாக விற்றாலும் லாபம் வந்தது. ஆகவே அதன்மேல் 70, 80 வீதம் சுங்கம் போட்டார்கள், அல்லது வரக்கூடாது என்றே தடுத்தார்கள். வில்ஸன் என்ற ஆங்கில சரித்திராசிரியர் எழுதி வைத்த கணக்கு அது. பரீட்சையில் தோற்றவன் நெசவாளியல்லன். தராசுத் தட்டில் கை வைத்தவன் வேறொருவன் என்று கடைத் தெருவில் நிற்பவனுக்கும் விளங்கிவிடுகிறது.

இதைப் போலவே 1800-ல் டாக்டர் புக்கானன் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கோயம்புத்தூர், மலையாளம் வழியாகச் செய்த யாத்திரையை வைத்துக்கொண்டு, தென்னாட்டுக் கிராமங்களை நம் கண்முன் நிறுத்துகிறார். செம்பரம்பாக்கம் ஏரியும் காவேரிப்பாக்கம் ஏரியும் வருகின்றன, தறிகள் வருகின்றன, குடியானவனுடைய கூலியும் சாப்பாடும் வருகின்றன. நாவலாசிரியரின் கை அங்கே தெரிகிறது.

இரண்டாம் பாகத்தில் சூடு இன்னும் அதிகம். அரசன் வாங்கும் வரி சூரியன் பூமியிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைப் போன்றது, மழையாக அது பூமிக்கே திரும்ப வேண்டும் என்பது நம் நாட்டுக் கவிகளின் பழைய கொள்கை. இந்த உவமையை எடுத்துக்கொண்டு, இந்தியாவில் உறிஞ்சிய ஈரம் வேறு தேசத்தில் மழையாகப் பெய்கிறது என்று தத்தர் காட்டினார். வருமானத்தில் காற்பங்கு ஒவ்வொரு வருஷமும் உள்நாட்டுச் செலவு என்ற விசித்திரமான பெயரோடு இங்கிலாந்துக்குப் போயிற்று. கடனுக்கு வட்டி, பென்ஷன், லண்டனிலிருந்த இந்தியா ஆபீஸின் செலவு, பட்டாளச் செலவு எல்லாம் அதில் அடக்கம். உள்நாடு என்றது எந்த நாட்டை என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1900 வரையில் இருப்புப் பாதைக்குச் செலவானது சுமார் 22½ கோடிப் பவுன், நீர்ப்பாசனத்துக்குச் செலவானது சுமார் 2½ கோடிப் பவுன் என்ற ஒப்பீடும் அவர் தந்ததே. காவிரியிலும் கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணைகட்டிய ஸர் ஆர்தர் காட்டன், ரயிலைவிடத் தண்ணீரே இந்தியாவுக்கு முதலில் வேண்டியது என்று வாழ்நாள் முழுவதும் மன்றாடியதைத் தத்தர் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போனவர்களையும் அவர் மறக்கவில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு எழுத்தறியாத ஆண்களும் பெண்களும் ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைத்துப் போனார்கள். ஓடிப்போக முயன்றால் கைது செய்யப்பட்டு, தண்டிக்கப்பட்டு, எஜமானனிடமே திரும்ப ஒப்புவிக்கப்பட்டார்கள். இதற்கு இடம் கொடுத்த சட்டத்தை ஜனங்கள் அடிமைச் சட்டம் என்று அழைத்தார்கள். தேயிலைத் தொழிலின் வளர்ச்சியைப் புகழ்ந்து எழுதி வருகிற அத்தியாயத்திலேயே இந்தக் கறையையும் அவர் குறித்து வைத்தார்.

இவ்வளவு புகழ்ந்த நாம் குறையையும் சொல்லாவிட்டால் தத்தருக்கே அது பிடிக்காது. வங்காளத்து நிரந்தர வரித் திட்டத்தின்மேல் அவருக்கு அளவு மீறிய பற்று இருந்தது. வங்காளத்தில் பஞ்சம் குறைந்ததற்கு அதுவே காரணம் என்று நம்பினார். 1943-ல் அதே வங்காளத்தில், அதே திட்டம் நடப்பிலிருக்கையில், சுமார் 30 லட்சம் ஜனங்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். அதற்கு யுத்தமும் அரிசி விலையும் சர்க்காரின் அலட்சியமும் காரணம்; நிலவரி அன்று. அதுவே தத்தருடைய வாதத்தின் ஓட்டையையும் காட்டுகிறது. வாங்கச் சக்தியில்லாதவனுக்குச் சந்தையில் அரிசி இருந்தும் பயனில்லை என்பதற்கு வரிவீதம் மாத்திரம் விடையாகாது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானிய விலை ஏறியதால் வரியின் உண்மையான பாரம் சில இடங்களில் குறைந்து வந்தது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுவதிலும் நியாயம் உண்டு. நிலமே இல்லாத கூலியாட்களைப் பற்றி அவர் எழுதியது சொற்பம். நோயை இவ்வளவு தெளிவாகக் கண்டவர், மருந்தை அதே வைத்தியனிடமே வேண்டினார். பிரிட்டிஷ் ஜனங்களுடைய நீதியுணர்ச்சியில் கடைசி வரையில் நம்பிக்கை வைத்திருந்தார். அவர் எழுதியதைப் படித்தவர்களுக்கு அந்த நம்பிக்கை ஏற்படவில்லை என்பது வேடிக்கை.

எழுதியதை நடத்திக் காட்டும் சந்தர்ப்பமும் அவருக்குக் கிடைத்தது. 1904-ல் பரோடா மகாராஜா சயாஜி ராவ் கெயிக்வார் அவரை வருமான மந்திரியாக அழைத்தார். நிலவரியைக் குறைப்பதும், தொழிலாளர்மேல் இருந்த சில்லறை வரிகளை ஒழிப்பதும், நியாய ஸ்தலங்களை நிர்வாகத்திலிருந்து பிரிப்பதும் அங்கே அவர் செய்த காரியங்கள். 1905-ல் காசியில் கூடிய முதலாவது இந்தியக் கைத்தொழில் மகாநாட்டுக்கும் அவரே தலைவர். வங்காளப் பிரிவினையால் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த வருஷம் அது. கடைத் தெருவில் சீமைத் துணியை எரித்த வாலிபர்களில் பலர் கையில் அவருடைய நூல் இருந்தது. 1907-ல் அதிகாரப் பங்கீட்டைப் பற்றி ஏற்பட்ட ராஜாங்கக் கமிஷனில் அங்கத்தினராக இருந்தார். 1909-ல் பரோடாவுக்குத் திரும்பித் திவான் பதவி ஏற்றார். உடம்பு இடங்கொடுக்கவில்லை. அவ்வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி அங்கேயே காலமானார். வயது 61.

அதே நவம்பர் மாதத்தில், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவை நோக்கிச் சென்ற கில்டோனன் காஸில் என்ற கப்பலில் ஒரு வக்கீல் உட்கார்ந்து, வலது கை ஓய்ந்தபோது இடது கையால், பத்து நாளில் ஒரு சிறு புத்தகம் எழுதி முடித்தார். ஹிந்த் ஸ்வராஜ் என்பது அதன் பெயர். யந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தில், தத்தருடைய பொருளாதார சரித்திரத்தைப் படித்தபோது தாம் அழுததாகக் காந்தியடிகள் அதில் எழுதியிருக்கிறார். டர்பனுக்கு அருகில் அச்சாகி வந்த இந்தியன் ஒபீனியன் பத்திரிகையில் அது டிசம்பர் மாதம் 11-ந் தேதியும் 18-ந் தேதியும் வெளிவந்தது. சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களும் அவர்களுடைய மக்களும் ஆயிரக்கணக்காக வாழ்ந்த ஊர்கள் அவை. தத்தர் காலமாகி அப்போது பதினொரு நாள் ஆகியிருந்தது.